தாங்கும் என்று யார் சொன்னது?

செடி விற்கிறவர்களிடம் ஒரு மந்திரச் சொல் இருக்கிறது.

நீங்கள் ரோஜாவைப் பார்த்து நிற்கிறீர்கள். "தினம் தண்ணி ஊத்தணும், பூச்சி விழாம பார்த்துக்கணும், அப்பப்ப வெட்டி விடணும்" என்கிறார் நர்சரிக்காரர். உங்கள் முகம் வாடிவிடுகிறது. அதைப் பார்த்ததும் அவர் மூலையில் கிடக்கும் இன்னொரு செடியைத் தூக்கி முன்னால் வைக்கிறார். "அப்ப இதை எடுத்துக்குங்க சார். அரளி. எதையும் தாங்கும்!"

எதையும் என்றால் எதை? வெயிலை. உப்புத் தண்ணீரை. சாலைப் புகையை. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் ஊற்ற மறந்துவிடும் நம்மை!

அவர் பொய் சொல்லவில்லை. அரளி அப்படிப்பட்ட செடிதான். ஒருமுறை நட்டு வேர் பிடித்துவிட்டால் பல வருஷங்களுக்கு நிற்கும். சிவப்பு, வெள்ளை, ரோஸ் என்று கொத்துக் கொத்தாகப் பூக்கும். அடுக்கு அரளியின் பக்கத்தில் போய் நின்றால் மெல்லிய இனிப்பு வாசனை வரும். பூஜைக்குப் பூ. காம்பவுண்டு சுவருக்கு அழகு. ஆடு மாடு வாய் வைக்காது. காரணம், இலை, பூ, பால், குச்சி எல்லாமே நஞ்சு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இது ஒன்றைத் தவிர அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் மைல் கணக்கில் அரளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தை மறைக்கிறது. டீசல் புகையில் குளித்துக்கொண்டே பூக்கிறது. பராமரிப்புச் செலவும் குறைவு. இதைவிட நல்ல செடி வேறு எது?

இவ்வளவு வரைக்கும் தோட்டக்கலை. இனிமேல்தான் விஷயம்.

தாங்கும் என்றால் என்ன அர்த்தம்? 'தேவையில்லை' என்று அர்த்தமா?

பிளஸ் டூவில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அரளி இலையை மெல்லிசாகக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் காட்டுவார்கள். வறண்ட இடத்துக்கு ஏற்ற இலை எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் பாடப்புத்தக உதாரணம். மேலே மெழுகு பூசியதுபோல் தடித்த தோல். அடிப்பக்கம் சின்னச் சின்னக் குழிகள். இலை மூச்சு விடும் துளைகள் எல்லாம் அந்தக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். குழியின் வாயை மெல்லிய ரோமங்கள் மூடியிருக்கும். காற்று நேராக வந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போக முடியாது. எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு!

ஆனால், இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு விலை உண்டு. தண்ணீர் இல்லாத காலத்தில் செடி அந்தத் துளைகளை மூடிக்கொள்கிறது. ஈரம் வெளியே போவது நிற்கிறது, சரி. அதே வழியாகத்தானே கரியமில வாயு உள்ளே வர வேண்டும்? அதுவும் குறைகிறது. காற்று இல்லாவிட்டால் சமையல் இல்லை. சமையல் இல்லாவிட்டால் வளர்ச்சி இல்லை. அரளி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். தளிர் குறைந்தால் பூவும் குறையும். அடி இலைகள் மஞ்சளாகி உதிரும்.

செத்துப் போகவில்லை, நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாம் "பார்த்தீங்களா, தண்ணியே ஊத்தலை, எப்படி இருக்கு!" என்று பெருமைப்படுகிறோம். அதே செடிக்குக் கோடையில் வாரம் ஒரு முறை நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்போதுதான் அது இத்தனை நாள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது என்பது தெரியும்.

இன்னொரு தகவல் எனக்கு ரொம்பவும் பிடித்தது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் அரளி யாரும் நடாமல் தானாகவே வளர்கிறது. எங்கே தெரியுமா? பாலைவன நடுவில் இல்லை. ஆற்றங்கரையில், காட்டாற்றுப் படுகைகளில்! மேலே மணல் காய்ந்து கிடக்கும். கீழே எங்கோ ஈரம் இருக்கும். அதைத் தேடி வேர் இறங்கும். வறட்சியின் பிள்ளை என்று நாம் நினைக்கிற அரளி, உண்மையில் தண்ணீரின் பிள்ளை. தண்ணீர் இல்லாத நாட்களைச் சமாளிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளை. அவ்வளவுதான்.

சமாளிக்கத் தெரிந்ததாலேயே அதற்குப் பங்கு கிடையாது என்று சொல்லலாமா? நான் கேட்க வந்த கேள்வி இதுதான்.

ஏனென்றால், இதே 'தாங்கும்' என்ற சொல்லைச் செடிகளுக்கு மட்டும் நாம் சொல்வதில்லை.

நமக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறோம். "பெரியவன் எதுக்கெடுத்தாலும் கோபப்படுவான், அவனுக்கு முதல்ல கொடு. சின்னவ தாங்குவா." அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அழாத பிள்ளைக்குப் பசி இல்லை என்று அந்தப் பழமொழி எங்கேயும் சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொண்டோம்.

ஆபீஸிலும் இதே கதைதான். முணுமுணுப்பவரிடம் வேலை கொடுக்க மேனேஜர் யோசிப்பார். முகம் சுளிக்காதவர் மேஜையில் இன்னும் இரண்டு ஃபைல் ஏறும். "அவர் மேனேஜ் பண்ணிடுவார்" என்பது அவருக்குக் கிடைக்கிற பாராட்டு. சம்பள உயர்வு என்னவோ முணுமுணுத்தவருக்கு!

துணிக்கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் நாம் நாற்காலியில் உட்கார்ந்து, இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றும் எடுக்காமல் எழுந்து வந்திருக்கிறோம். பிரித்துக் காட்டிய பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். வசந்தபாலன் 2010-ல் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினோம். "பாவம்... ஆனா, அவங்களுக்கு நின்னு பழக்கம்" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொண்டோம். வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம்! ஏன்? கால் வலிக்கிறது என்று அவர்கள் சத்தம் போட்டுச் சொல்லாதவரை, வலிக்கவில்லை என்றே நாம் கணக்கு எழுதிவிட்டோம்.

'வாய் விட்டுக் கேட்டால் கொடுக்க மாட்டோமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீண்ட நாள் தாங்கிப் பழகியவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பதே மறந்துபோய்விடும்.

பொருளாதார மேதை அமர்த்தியா சென் தன் எழுத்தில் ஒரு கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். 1943-ல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியது. அடுத்த வருஷம், 1944-ல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் என்ற இடத்தில் மக்களின் உடல்நிலையைப் பற்றி விசாரித்தார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவிகிதம் பேர் உடம்பு சரியில்லை, சுமாராகத்தான் இருக்கிறது என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் எவ்வளவு தெரியுமா? வெறும் 2.5 சதவிகிதம்!

அந்தக் காலத்து வங்காளத்தில் ஒரு விதவையின் நிலைமை என்ன என்று நமக்குத் தெரியும். சாப்பாட்டில் கட்டுப்பாடு, உடையில் கட்டுப்பாடு, வீட்டில் கடைசி இடம். அவர்கள்தான் "எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கேன்" என்றார்கள். நன்றாக இருந்ததாலா? 'நன்றாக இருப்பது' என்றால் என்ன என்று எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டதாலா? இலைத் துளைகளை மூடிக்கொண்ட செடி எந்தச் சத்தமும் போடாது. சத்தம் இல்லை என்பதை ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டால் தப்பு செடியினுடையது இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புறநகரில் வீடு. முன்னால் புல்தரை, சுவர் ஓரம் வரிசையாக அரளி. அவருடைய அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். படுக்கையில் இருக்கிறார். அம்மாவைப் பார்த்துக்கொள்வது ஊரில் இருக்கும் தங்கை. இவர் மாதாமாதம் பணம் அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுவார். குறை சொல்ல முடியாத மனிதர்.

"தங்கச்சிக்குக் கஷ்டம் இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நானும் ஒவ்வொரு வாரமும் கேக்கறேன் சார், உனக்கு ஏதாவது வேணுமான்னு. 'எனக்கென்னண்ணே, ஒண்ணும் வேண்டாம்'பா. சின்ன வயசிலேர்ந்தே அவ அப்படித்தான். தாங்குவா."

கொஞ்ச நாள் கழித்து அவரே வந்து சொன்னார். இந்தத் தடவை ஏதோ தோன்றி, கேள்வியை மாற்றிக் கேட்டாராம். "நீ ராத்திரி முழுசாத் தூங்கி எத்தனை நாள் ஆச்சும்மா?" மறுமுனையில் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தாராம். அப்புறம் மெதுவாகப் பதில் வந்தது. "ஞாபகம் இல்லண்ணே."

அந்த மாதக் கடைசியில் அவர் ஊருக்குப் போனார். ராத்திரி கண்விழிப்பு தன்னுடையது என்று சொல்லி, ஆறு வாரம் தங்கியிருந்து திரும்பினார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறார். "வேணுமான்னு கேட்டா வேண்டாம்னுதான் சார் சொல்வாங்க. எப்படி இருக்கேன்னு பார்த்துட்டுத்தான் கேக்கணும்" என்றார். எந்தத் தத்துவப் புத்தகத்திலும் படிக்காமல் அவர் கண்டுபிடித்தது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். "அப்ப எல்லாருக்கும் ஊட்டி ஊட்டி வளர்க்கச் சொல்றீங்களா? கஷ்டப்பட்டாத்தானே மனுஷன் உருவாவான்? அரளி அவ்வளவு உறுதியா இருக்கறதுக்குக் காரணமே அது பட்ட கஷ்டம்தானே?"

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், செடி வளர்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அரளியைக் குச்சி ஒடித்து நடுகிறோம். முதல் வருஷம் முழுக்க ஒழுங்காகத் தண்ணீர் விட்டால்தான் வேர் ஆழமாக இறங்கும். அந்த வேர்தான் பிறகு வறட்சியைத் தாங்குகிறது. அதாவது, தாங்கும் சக்தி வறட்சியிலிருந்து வரவில்லை. ஆரம்பத்தில் கிடைத்த தண்ணீரிலிருந்து வந்தது! முதல் கோடையிலேயே கைவிடப்பட்ட கன்றுகள் பட்டுப்போயின. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு நட்டுவிட்டோம். பிழைத்து நிற்பவற்றை மட்டும் காட்டி, 'பார், கஷ்டம் எப்படி வளர்த்திருக்கிறது' என்கிறோம். பட்டுப்போனவை மேடை ஏறி சாட்சி சொல்வதில்லை.

நெடுஞ்சாலை அரளிக்கும் இது பொருந்தும். கோடையில் அந்தப் பக்கம் போனால் டேங்கர் லாரி மெதுவாக ஊர்ந்துகொண்டே ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்கலாம். எதையும் தாங்கும் என்று நட்ட செடிக்குத்தான் தண்ணீர் லாரி போகிறது. நட்டவர்களுக்குத் தெரியும், தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று.

அதற்காகக் குறைந்த தண்ணீரில் வளரும் செடியைத் தேர்ந்தெடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது நல்ல காரியம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறக்க முடியாது. அந்த ஊரில் புல்தரையைவிட அரளி நியாயமான செடி. கொஞ்சமாகக் கேட்பவரோடு வாழ்வது ஒரு வரம்.

ஆனால், ஒரு கேள்வியை மட்டும் நாம் தப்பிக்கவிடக் கூடாது. மிச்சமான தண்ணீர் எங்கே போனது?

ஏரியில் நின்றால் நல்லது. பக்கத்து வீட்டுக் குடத்துக்குப் போனால் இன்னும் நல்லது. அரளிக்கு நிறுத்தியதை எடுத்துப் புல்தரைக்கு இரண்டு வேளை பாய்ச்சினால்? அதற்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை. தாங்குகிறவரிடம் எடுத்துத் தாங்காதவருக்குக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். கடைசியாகச் சாப்பிடுகிற ஒருவர் விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தட்டில் விழுந்திருக்கிறது. அந்தத் தட்டு யாருடையது என்று பார்த்துவிட்டால், 'அவ ரொம்ப பொறுமைசாலி' என்ற பாராட்டு நம் வாயில் அவ்வளவு சுலபமாக வராது.

தானே விரும்பி எடுத்துக்கொண்ட விரதம் வேறு. அதற்குக் கை கூப்பலாம். அடுத்தவருக்காக நாம் நிச்சயித்து வைக்கிற விரதம் வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுவதால்தான் குழப்பம்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதை நமக்கு மனப்பாடம். 'ஒரு கொடிக்குப் போய் யாராவது தேரைக் கொடுப்பார்களா, கொம்பு நட்டால் போதாதா?' என்று சிரித்தும் இருக்கிறோம். புறநானூற்றில் கபிலர் அந்தச் செயலைச் சொல்லும் இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்கிறார். அந்தக் கொடிக்குப் பாடத் தெரியாது. புலவர்களைப் போல நாத் தழும்பேறப் பாடிப் பரிசு கேட்க அதற்கு வாய் இல்லை. இருந்தும் கொடுத்தான் என்கிறார். எனக்கு அந்தக் கதையில் தேர் பெரிதாகத் தெரியவில்லை. கேட்காத ஒன்றின் தேவை அவன் கண்ணில் பட்டதே, அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அரளிக்கு ஓர் ஊர் செய்த மரியாதையையும் சொல்ல வேண்டும். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. எரிந்துபோன அந்த மண்ணில் முதலில் பூத்தது அரளி என்று அந்த ஊர்க்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1973-ல் அதையே தங்கள் நகரத்தின் மலராக அறிவித்தார்கள்.

'பார், எதையும் தாங்கலாம்' என்று அந்தப் பூவிடம் பாடம் படித்திருக்கலாம். ஆனால், குண்டிலிருந்து பிழைத்தவர்கள் அப்படிப் படிக்கவில்லை. பல வருஷம் வாய் திறக்காமல் தாங்கியவர்கள் 1956-ல் ஒன்று சேர்ந்து ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். மறு வருஷமே அவர்களின் மருத்துவத்துக்காக ஜப்பானில் ஒரு சட்டம் வந்தது. நிஹோன் ஹிடாங்க்யோ என்ற அந்த அமைப்புக்குத்தான் 2024-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 'நாங்கள் தாங்கினோம். இனி யாரும் இதைத் தாங்கும்படி ஆகக் கூடாது' என்பதே அவர்கள் உலகத்துக்குச் சொல்லிவருவதன் சாரம். தாங்கியவர்களுக்கு மட்டுமே இருக்கிற உரிமையோடு சொன்னார்கள்.

'தாங்கும்' என்ற சொல்லில் அப்படி ஒரு நியாயம் இருக்கிறது. தாங்குகிறவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது வீரம். அதையே கொடுக்க வேண்டியவர் சொன்னால், பெரும்பாலும் சாக்கு.

உங்கள் வீட்டில் அரளி இருந்தால் இந்தச் சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை வேர் நனைய இரண்டு குடம் ஊற்றுங்கள். பூத்து ஓய்ந்த கிளைகளை, கையில் பால் படாமல், வெட்டி விடுங்கள். கொஞ்ச நாளில் புதுத் தளிரும் அதன் நுனியில் மொட்டும் வரும்.

அப்படியே வீட்டுக்குள்ளும் ஒரு சுற்றுப் பாருங்கள். 'எனக்கு ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்கிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். வேண்டுமா என்று அவரிடம் கேட்க வேண்டாம். கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினார், எப்போது சுடச்சுடச் சாப்பிட்டார் என்று கேளுங்கள்.

பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். போனை வைத்துவிடாதீர்கள்.